மறுமொழி: [கலைச்சொல்] ‘காமா ஸ்பிளைஸ்’ – ஒட்டா, பிணைப்பா, முற்றிடையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழையில் வந்த மடல்களை இன்றுதான் ஒருசேரப் படித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் மட்டும் இணைப்பதை ‘காமா ஸ்பிளைஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: காற்புள்ளிப் பிழை, காற்புள்ளி ஒட்டு, காற்புள்ளிப் பிணைப்பு, மூச்சுப்புள்ளி. நான்கிலும் என் மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எழுதிய அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ‘நீளும்’ ஒரு முற்று. ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ இன்னொரு முற்று. நடுவில் ஒரு காற்புள்ளி. தமிழில் இதை யாரும் பிழை என்று சுழிக்கமாட்டார்கள். இதே அமைப்பில் ஆங்கிலத்தில் ‘இட் வாஸ் லேட், வி வென்ட் ஹோம்’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போடுவார். மாணவனாக இருந்தபோது என் கட்டுரைகளில் அந்த வட்டங்கள் நிறைய விழுந்திருக்கின்றன. என்ன பிழை என்று யாரும் விளக்கவில்லை. காற்புள்ளியைக் குறை என்று மட்டும் சொன்னார்கள். நானும் குறைத்தேன், வேண்டிய இடத்தில் இருந்தவையும் சேர்ந்தே போயின. பிழைக்குச் சரியான ஒரு பெயர் தமிழில் இருந்திருந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று அந்தப் பெயரே காட்டியிருக்கும். இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

> ‘காற்புள்ளிப் பிழை’ போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் எந்தப் பிழை என்று புரியாது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே தேவையில்லாமல் போடுவதும் காற்புள்ளிப் பிழைதான். அடுக்கி வரும் பெயர்களுக்கு இடையே போடாமல் விடுவதும் அப்படித்தான். இன்னொன்று, நாம் விவாதிக்கும் இந்த அமைப்பு எல்லா இடத்திலும் பிழையும் அல்ல. ஜெர்மன் மொழியில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் இணைப்பது ஒழுங்கான எழுத்துதான். ஆங்கிலத்திலேயே 18ஆம் நூற்றாண்டு உரைநடையில் இது தாராளமாகக் கிடைக்கும். இப்படி இணைக்காதே என்று 1918இல் தன் மாணவர்களுக்கு விதி எழுதிய அமெரிக்க ஆங்கிலப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் கூட, இரு பகுதியும் மிகச் சிறிதாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் காற்புள்ளி போதும் என்று விலக்குக் கொடுத்தார். ‘மேன் ப்ரபோசஸ், காட் டிஸ்போசஸ்’ என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. பெயரிலேயே ‘பிழை’யை ஏற்றிவிட்டால் இந்த விலக்கை என்னவென்று சொல்வோம்? ‘பிழையில்லாத காற்புள்ளிப் பிழை’ என்றா? அமைப்பு என்ன என்பதைப் பெயர் சொல்லட்டும். சரியா தவறா என்பதை அடுத்து வரும் வாக்கியம் சொல்லிக்கொள்ளும்.

> ஸ்பிளைஸ் என்றால் கயிற்றின் புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னுவது. ஆகவே ‘பிணைப்பு’தான் நேரான சொல்.

சொல்லின் பிறப்பு பற்றிச் சொன்னது சரி. ஆனால் கயிற்றில் அப்படிப் பின்னிய இடம் முடிச்சைவிட உறுதியானது. இங்கே நாம் பேசுவது வலுவில்லாத இணைப்பைப் பற்றி. ஆங்கிலத்தின் உவமையை அப்படியே கொண்டுவந்தால், படிப்பவருக்குப் பொருள் தலைகீழாகப் போய்ச் சேரும். தவிர, பிணைப்பை வேதியியல் எடுத்துக்கொண்டது. ஒட்டு என்பதோ முன்னொட்டு, பின்னொட்டு என்று சொல்லியலில் வேரூன்றிவிட்டது. ‘காற்புள்ளி ஒட்டு’ என்று கேட்டதும் ஏதோ ஒரு விகுதி என்றுதான் எனக்குத் தோன்றியது.

> மூச்சு விடும் இடத்தில் போடுவதுதானே காற்புள்ளி? அளவுக்கு மீறி மூச்சு விட்டால் மூச்சுப்புள்ளி.

இந்த மடல்தான் என்னை எழுத வைத்தது. இதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் புள்ளிகளின் பெயர்களைப் பாருங்கள். கால், அரை, முக்கால், முற்று. நான்கும் அளவுப் பெயர்கள். எதை அளக்கின்றன? நிறுத்தத்தின் நீளத்தை. மாத்திரைக் கணக்கில் ஊறிய மொழிக்கு அது மிக இயல்பான பெயரிடல், அழகும்கூட. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படியே கற்பித்தார்கள். 1795இல் வந்த லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கண நூல், காற்புள்ளி மிகச் சிறிய நிறுத்தம், அரைப்புள்ளி அதைப்போல் இரு மடங்கு, முக்காற்புள்ளி அதைப்போல் இரு மடங்கு, முற்றுப்புள்ளி அதற்கும் இரு மடங்கு என்று கணக்குப் போடுகிறது. நம் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறுகிறது. மரேயின் கணக்கு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று தாவுகிறது. அளவு வேறு, ஆனால் இரண்டுமே வாய்விட்டுப் படிப்பவருக்கான குறிப்புகள்.

ஆங்கிலப் பெயர்களின் கிரேக்க வேர் வேறு கதை சொல்கிறது. காமா என்றால் வெட்டிய துண்டு. கோலன் என்றால் உறுப்பு. முதலில் இவை குறிகளின் பெயர்களே அல்ல, வாக்கியத்தின் பகுதிகளுக்கான பெயர்கள். பகுதியின் பெயர் பிறகு அதன் எல்லையில் நிற்கும் குறிக்குப் போனது. இன்றைய ஆங்கில எழுத்து கிட்டத்தட்ட அந்தப் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது. அங்கே காற்புள்ளி மூச்சைக் கேட்பதில்லை. ‘எனக்கு இந்தப் பக்கம் இருப்பது தானே நிற்குமா, அந்தப் பக்கம் இருப்பது தானே நிற்குமா?’ என்றுதான் கேட்கிறது. ‘இட் வாஸ் லேட்’ என்று சொல்லிவிட்டு நாம் விடுவது அரை மூச்சுதான். மூச்சின்படி பார்த்தால் அங்கே காற்புள்ளி சரி, அமைப்பின்படி பார்த்தால் போதாது. ‘மூச்சுப்புள்ளி’ என்று பெயர் வைத்தால், பிழையை உண்டாக்கிய எண்ணத்தையே பெயராக வைத்ததாக ஆகிவிடும்.

சரி, என் முன்மொழிவு: முற்றிடைக் காற்புள்ளி.

இரண்டு முற்றுகளுக்கு இடையில் நிற்கும் காற்புள்ளி, அவ்வளவுதான். முற்று, எச்சம் என்ற பிரிவைத் தமிழ் படித்த எவரும் பள்ளியிலேயே கற்றிருப்பார்கள். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம். பிழையைத் தேடும் வழியையும் பெயரே சொல்கிறது: காற்புள்ளிக்கு இருபுறமும் முற்று இருக்கிறதா என்று பார். அப்புறம் இதிலிருந்து ‘முற்றிடை’ என்ற வேர்ச்சொல் தனியாகக் கிடைக்கிறது. இரு தனி வாக்கியங்கள் சந்திக்கும் இடம் என்று அதற்குப் பொருள் வைத்துக்கொள்ளலாம். உண்மையில் எனக்குக் காற்புள்ளியைவிட இந்த இடத்துக்குப் பெயர் கிடைத்ததுதான் பெரிய விஷயம்.

இதை எழுதுவதற்கு முன் நானே எதிர்வாதம் செய்து பார்த்தேன். மூன்று இடங்களில் முட்டியது.

முதலாவதுதான் கடினமானது. ‘வென் ஹி கேம், வி லெஃப்ட்’. இங்கே ‘கேம்’ வினைமுற்று, ‘லெஃப்ட்’ வினைமுற்று, நடுவில் காற்புள்ளி. வாக்கியமோ முற்றிலும் சரி. அப்படியானால் என் சொல் உடைந்துவிட்டதா? தமிழில் இதே கருத்தை ‘அவன் வந்தபோது கிளம்பினோம்’ என்போம். ‘வந்தபோது’ எச்சத்தில் அமைந்தது, அது தனியே நிற்காது. நாம் வினையின் உருவத்தையே மாற்றி எச்சமாக்குகிறோம். ஆங்கிலம் வினையைத் தொடாமல், முன்னால் ‘வென்’ என்ற சொல்லை நிறுத்தி அந்தப் பகுதி முழுவதையும் எச்சமாக்குகிறது. ‘பிகாஸ்’, ‘இஃப்’, ‘ஆல்தோ’ எல்லாம் இந்த வேலைக்காரர்கள்தான். ஆகவே ‘முற்று’ என்பதை வினையின் உருவத்துக்கு வைக்காமல் தொடரின் நிறைவுக்கு வைக்க வேண்டும். ‘வென் ஹி கேம்’ என்று நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார், எச்சம் என்ற சொல்லுக்குப் பொருளே அதுதானே? வரையறையில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் சொல் தாங்கும்.

இரண்டாவது: ‘வந்தான்’ என்றாலே நமக்கு அது வாக்கியம். ‘ஆன்’ விகுதிக்குள் எழுவாய் அடங்கிவிட்டது. ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லை. ‘ஹி கேம் அண்ட் சாட் டவுன்’ என்பதில் வினை இரண்டு இருந்தாலும் எழுவாய் ஒன்றுதான், அதனால் அங்கே முற்றிடை என்று ஒன்று இல்லை, காற்புள்ளியும் தேவையில்லை. எழுவாயும் வினையும் இரண்டு பக்கமும் இருந்தால்தான் முற்றிடை. இதையும் வரையறையில் சொல்லிவிடலாம்.

மூன்றாவது முற்றெச்சம். ‘படித்தனன் தேறினான்’ என்றால் ‘படித்துத் தேறினான்’ என்று பொருள் கொள்கிறோம். உருவத்தில் முற்று, பணியில் எச்சம். நன்னூல் இதற்கு இடம் தருகிறது. இதைத் தடை என்று எடுத்துவந்தவன் கடைசியில் துணையாக வைத்துக்கொண்டேன். இரண்டு முற்றுகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவதை எச்சம்போலப் படித்துக்கொள்ளும் பழக்கம் நம் மரபிலேயே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. தமிழ் வழியாக ஆங்கிலம் கற்பவர் இந்தக் காற்புள்ளியை அடிக்கடி போடுவதைக் கவனக்குறைவு என்று திட்டுவது சரியல்ல.

இனி முற்றிடையில் எவையெல்லாம் நிற்கலாம் என்று பார்த்தால் ஆங்கில விதி எளிதாகிவிடுகிறது. முற்றுப்புள்ளி வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். அரைப்புள்ளி வைக்கலாம். 1490களில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ் அரைப்புள்ளியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், காற்புள்ளிக்கு மேலே ஒரு புள்ளி வைத்த அந்த உருவமே அதன் இடைநிலையைக் காட்டிவிடுகிறது. இரண்டாவது வாக்கியம் முதலாவதை விளக்கினால் முக்காற்புள்ளி. காற்புள்ளிதான் வேண்டும் என்றால் அதற்குத் துணையாக ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’, ‘நார்’, ‘ஃபார்’, ‘ஸோ’, ‘எட்’ ஏழில் ஒன்று வர வேண்டும். ஒன்றும் இல்லாமல் ‘இட் வாஸ் லேட் வி வென்ட் ஹோம்’ என்று ஓட்டுவதற்கு ‘முற்றிடை வெறுமை’ என்று சொல்லலாமா? இந்தப் பிழையின் ஆங்கிலப் பெயரான ‘ரன்-ஆன்’ என்பதற்கு ‘ஓடு வாக்கியம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நீளமான வாக்கியம் என்று பொருள்பட்டுவிடும். மேலே உள்ளதில் ஆறே சொற்கள், அதிலும் இந்தப் பிழை இருக்கிறது.

நடைமுறையில் நம்மவர் அதிகம் தடுக்கி விழுவது ‘ஹவெவர்’ என்ற சொல்லில். ‘பட்’ என்பதற்கும் ‘ஆனால்’, ‘ஹவெவர்’ என்பதற்கும் ‘ஆனால்’ என்றே மனத்துக்குள் மொழிபெயர்க்கிறோம். ஆகவே ‘பட்’ முன்னால் காற்புள்ளி சரி என்றால் ‘ஹவெவர்’ முன்னாலும் சரி என்று தோன்றிவிடுகிறது. ‘ஹவெவர்’ இணைக்கும் சொல் அல்ல, இரண்டாவது வாக்கியத்துக்குள் இருக்கும் அடைமொழி. அந்த வாக்கியத்துக்குள்ளேயே அது நகரும்: ‘வி, ஹவெவர், ஸ்டேய்ட்’ என்று நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். ‘பட்’டை அப்படி நகர்த்த முடியாது. ‘தேர்ஃபோர்’, ‘மோர்ஓவர்’ ஆகியவையும் ‘ஹவெவர்’ சாதிதான். இவற்றின் முன் முற்றிடையில் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். நகர்கிறதா என்று தள்ளிப் பார்க்கும் இந்தச் சோதனையை உங்கள் குறிப்பேட்டில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். விதியை மனப்பாடம் செய்வதைவிட இது நன்றாகக் கைகொடுக்கும்.

இழையைத் தொடங்கியவர் கேட்ட இன்னொரு கேள்வி, ‘கிளாஸ்’ (எழுவாயும் வினையும் கொண்டு, வாக்கியத்தின் பகுதியாக வரும் தொடர்) என்பதற்கு என்ன சொல்வது என்பது. ‘எச்சத்தொடர்’ என்று எல்லாவற்றையும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தனியே நிற்கக்கூடியதும் ஒரு கிளாஸ்தானே, அது எப்படி எச்சம் ஆகும்? முற்றிடையை ஏற்றுக்கொண்டால் ‘முற்றுத்தொடர்’, ‘எச்சத்தொடர்’ என்று இரண்டாகவே வைத்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் பொதுவாக வேண்டும்போது ‘தொடருறுப்பு’. கோலனின் கிரேக்கப் பொருளும் உறுப்புதான் என்பது தற்செயலாக ஒத்துவந்தது.

புழக்கத்தில் நிற்குமா என்று மூன்று வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

‘உன் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் ஒரு முற்றிடைக் காற்புள்ளி இருக்கிறது, அரைப்புள்ளியாக மாற்று.’

‘குறுகிய, ஒத்த அமைப்புள்ள தொடர்களில் முற்றிடைக் காற்புள்ளியை ஆங்கிலம் அனுமதிக்கிறது.’

‘முற்றிடையில் காற்புள்ளி மட்டும் தனியே நிற்காது.’

வாயில் தடுக்கவில்லை. ‘க்’ மிகுவதும் இயல்பாக வருகிறது. ‘முற்றிடை’ என்பதை முழு இடை என்று யாரேனும் படித்துவிடுவார்களோ என்ற ஒரு சின்னத் தயக்கம் மட்டும் இருக்கிறது, முற்றுரிமை என்பதில் முற்று முழுமையைக் குறிப்பதுபோல. முதல்முறை வரும் இடத்தில் ‘இரு முற்றுத்தொடர்களுக்கு இடைப்பட்ட’ என்று விரித்துவிட்டால் அது தீரும்.

‘ஹவெவர்’ வகைச் சொற்களுக்கு என் கையில் நல்ல பெயர் இல்லை. ‘இணைப்பு வினையடை’ என்று வைத்தால், அவை இணைக்கின்றன என்ற தவறான எண்ணத்தை மறுபடியும் விதைத்துவிடும். ‘தொடர்பு’, ‘சுட்டு’, ‘நோக்கு’ இவற்றை வைத்து ஏதேனும் அமையுமா என்று பார்க்கிறேன். தொடரியலில் பழக்கம் உள்ளவர்கள் இதை மட்டும் தனி இழையாகத் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்.