இறைமாட்சியில் நமக்குப் பங்கு உண்டு என்கிறார்களே, அது என்ன?

பாம்பன் கரை:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற கேள்வி. போன வாடையில் வடகடல் பக்கம் நிறுத்தியிருந்த எங்கள் நாட்டுப்படகு நங்கூரக் கயிறு அறுந்து பாறையில் மோதி உடைந்துபோனது. இன்ஜின் மட்டும் மிஞ்சியது, அதிலும் உப்புத்தண்ணீர் ஏறிவிட்டது. வியாபாரியிடம் வாங்கின முன்பணம் கடனாக நிற்கிறது, வீட்டுக்காரர் இப்போது அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிறார். இதற்கு நடுவில் அன்பியக் கூட்டத்துக்கு (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் கூட்டம்) வந்த ஒருவர் லாசர் உயிர்த்த கதையை எடுத்து, "நம்பினால் கடவுளின் மாட்சியைக் காண்பாய் என்று ஆண்டவரே மார்த்தாவிடம் சொன்னார், உங்கள் வீட்டில் அது தெரியவில்லை என்றால் விசுவாசத்தில் குறை இருக்கிறது" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நான் ஒரு நாளும் ஜெபமாலை விட்டதில்லை. புதனும் ஞாயிறும் ஜெபமாலையில் மாட்சி நிறை மறைபொருள் (ஆண்டவர் உயிர்த்தது முதலானவற்றை நினைத்துச் சொல்லும் பகுதி) சொல்லும்போது இப்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்கிறது, வார்த்தை வர மாட்டேன் என்கிறது. என் விசுவாசம் போதவில்லையா? மாட்சியில் பங்கு என்றால் நல்லபடியாக வாழ்வதா, செத்தபிறகு கிடைப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூக்கையூர் பெரியவர்:
அம்மா, முதலில் அந்த ஆள் சொன்னதை மனசில் இருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள். யோவான் 11ஆம் அதிகாரத்தை முழுசாகப் படித்துப் பாருங்கள். "நீரே மெசியா, இறைமகன்" என்று மார்த்தா அறிக்கையிட்டது தம்பி கல்லறையில் கிடக்கும்போதே, கல்லைப் புரட்டுவதற்கு முன்னாலேயே. அப்படி நம்பினவளே கல்லறைப் பக்கம் போனதும் "நாலு நாள் ஆயிற்றே, நாற்றம் அடிக்குமே" என்கிறாள். ஆண்டவர் அவளைத் தள்ளிவிட்டாரா என்ன?

எங்கள் ஊர்க் கோயிலும் சந்தியாகப்பர் கோயில் (ஆண்டவரின் சீடர் யாக்கோபுதான் அவர்), உங்கள் பக்கத்து வேர்க்காட்டுக் கோயிலும் சந்தியாகப்பர் கோயில். ஜூலை 25 திருநாளுக்கு வருஷா வருஷம் போகிறோம், ஆனால் அவர் ஆண்டவரிடம் என்ன கேட்டார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறோமா? மாற்கு 10ஆம் அதிகாரம். செபதேயுவின் மகன், நம்மைப் போல வலை இழுத்தவர், தம்பி யோவானோடு வந்து "நீர் மாட்சியோடு இருக்கும்போது உமக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர் உட்கார வேண்டும்" என்று கேட்டார். நீங்கள் கேட்கிற அதே பங்குதான். ஆண்டவர் திட்டவில்லை. "நான் குடிக்கும் கிண்ணத்தில் உங்களால் குடிக்க முடியுமா?" என்று திருப்பிக் கேட்டார். முடியும் என்றார்கள், சரி, குடிப்பீர்கள் என்றார். பிறகு ஏரோது அரசன் வாளால் வெட்டிக் கொன்றது அந்த சந்தியாகப்பரைத்தான், திருத்தூதர் பணிகள் 12இல் இருக்கிறது.

நம் கரையில் பங்கு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூலி என்றால் மீன் பட்டாலும் படாவிட்டாலும் பேசின காசு. பங்கு என்றால் அந்தப் படகின் ஆள். பாடு நன்றாக இருந்தால் சேர்ந்து சிரிப்பீர்கள், வெறும் வலை வந்தால் சேர்ந்து வெறுங்கையோடு வருவீர்கள். மீன் படுவதையும் பாடு என்கிறோம், ஆண்டவர் பட்டதையும் பாடு என்கிறோம், சின்ன வயதில் இருந்தே எனக்கு அது தற்செயலாகத் தோன்றவே இல்லை. கிறிஸ்துவின் துன்பங்களில் பங்கு உள்ளவர்களுக்கு அவர் மாட்சியிலும் பங்கு உண்டு என்று உரோமையர் 8:17இல் பவுல் எழுதுகிறார். அந்தப் படகில் நீங்கள் ஏற்கெனவே ஏறிவிட்டீர்கள், அம்மா. உங்கள் படகு உடைந்ததால் அதில் இருந்து யாரும் உங்களை இறக்கிவிட முடியாது.

திருவாடானை டீச்சர்:
பெரியவர் சொன்னது முழுக்க சரி. அக்கா, செத்தபிறகா என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் சொல்கிறேன். பூசையில் காணிக்கை நேரத்தில் சாமியார் திராட்சை இரசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதைக் கவனித்திருப்பீர்கள். அப்போது அவர் மெதுவாகச் சொல்கிற செபம் நமக்குக் கேட்காது: நம் மனித இயல்பில் பங்குகொண்ட கிறிஸ்துவின் இறைத்தன்மையில் நாமும் பங்குபெற வேண்டும் என்பதுதான் அது. அந்தச் சொட்டு நாம்தான். விட்டபிறகு யாராலும் பிரித்து எடுக்க முடியாது. திருமுழுக்கில் தொடங்கியது, ஒவ்வொரு நற்கருணையிலும் வளர்கிறது, நிறைவு மட்டும்தான் மறுமையில்.

தொண்டை அடைக்கிறதே, அதுவும் செபம்தான். எப்படிச் செபிப்பது என்று தெரியாத நேரத்தில் தூய ஆவியார் சொல்லில் அடங்காத பெருமூச்சோடு நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று அதே உரோமையர் 8இல், 26ஆம் வசனத்தில் இருக்கிறது. இன்னொன்று: ஆண்டவர் மலையில் உருமாறியதை லூக்கா 9இல் பாருங்கள், செபித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது என்று லூக்கா தனியாகக் குறிப்பிடுகிறார். அந்த ஒளியிலும் மோசேயும் எலியாவும் அவரோடு பேசியது எருசலேமில் வரப்போகிற அவர் சாவைப் பற்றித்தான்.

தங்கச்சிமடம் தம்பி:
எல்லாம் சரிதான், ஆனால் ஒன்று சேர்க்கணும். பாடுதான் மாட்சி என்று சொல்லிச் சொல்லி அக்காவைப் படகு கேட்கவே விடாமல் பண்ணிவிடாதீர்கள். அன்றாட உணவைக் கேள் என்று சொல்லிக்கொடுத்ததும் ஆண்டவர்தான். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் படாமல் கரையில் வலை அலசிக்கொண்டு இருந்த பேதுருவின் படகில்தான் ஏறி உட்கார்ந்தார். அதனால் படகு வேண்டும், கடன் தீர வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள் அக்கா, வெட்கப்படாதீர்கள்.

அப்புறம் முடிந்தால் ஒரு நாள் ஓரியூர் போய்வாருங்கள். நம் பக்கம் மறைபரப்ப வந்த குரு அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டிய இடம், மண் இன்றும் சிவப்பாக இருக்கும். வெட்டுவதற்கு முந்தின நாள் சிறையில் இருந்து எழுதிய கடிதத்தில், நற்செயலே குற்றம் ஆகும்போது பாடுபடுவதே மாட்சி என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்த மனுஷன், நம் மறவர் சீமை மண்ணில் உட்கார்ந்து அப்படி எழுதினார். அப்பா தவறிய வருஷம் அங்கே போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் நடக்கவும் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது தனியாக வரவில்லை என்று இருந்தது.

பாம்பன் கரை:
பெரியவருக்கும் டீச்சருக்கும் தம்பிக்கும் நன்றி. வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பங்கு பற்றிச் சொன்ன இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை வாசி என்றார். எப்போதும் நான்தான் தனியாக ஜெபமாலை சொல்வேன். நேற்று அவரும் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது மறைபொருளில் எனக்குத் தொண்டை அடைத்தபோது மிச்ச மணிகளை அவரே சொன்னார். ஓரியூருக்கு அடுத்த வாரம் போகலாம் என்று இருக்கிறோம். தொண்டியில் இறங்கிப் போனால் வசதியா, திருவாடானை வழியாகவா?