மலைக்கு வந்து தங்கிவிட்ட நடிகை அம்மா: சந்தித்தவர்கள் எழுதுங்கள்

குன்னூர், தையல் கடை

என் கடை குன்னூர் மார்க்கெட்டுக்குள் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக ரவிக்கைதான் தைக்கிறேன். ஒட்டுப்பட்டறைப் பக்கம் குடியிருந்த நடிகை அம்மா போன ஐப்பசியில் காலமானார். எடுத்துக்கொண்டு போகும்போது தெருவில் நின்றவர்கள், "நடிகையாமே, எந்தப் படம்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. பேச்சு உடனே பச்சைத் தேயிலை விலைக்குப் போய்விட்டது. எனக்கு நெஞ்சு கொதித்தது. இருபது வருடம் கேமராவுக்கு முன்னால் உழைத்த ஒரு பெண்ணை, படத்தின் பெயர் வாயில் வரவில்லை என்பதற்காக இல்லாதவளாக்கிவிடலாமா? அவருடைய அக்காள் பிள்ளைகள் விரும்பாததால் பெயரை இங்கே எழுதவில்லை. அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

2009-இல் பெரிய மண்சரிவு வந்ததே, அதற்கு அடுத்த வருடம் அவர் என் கடைக்கு முதன்முதலாக வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்துப் பலகைமேல் வைத்தார். வெளிர் நீலப் பாப்ளின், முழங்கை வரை கை. கழுத்துப் பட்டையின் உள்பக்கம் செங்கல் நிறத்தில் ஒரு கறை இருந்தது. துவைத்துத் துவைத்தும் போகாத கறை. "பான்கேக், கண்ணு. மேக்கப். அது போகாது" என்றார்.

உள்பக்கம் திருப்பினேன். இரண்டு விலாவிலும் பழைய தையல் பிரித்த தடம் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மூன்று இருந்தது. உள்ளே மடித்து வைத்த துணி வெயில் படாததால் நீலம் மாறாமல் இருக்கும். பிரித்துவிட்டால் அது தனிக் கோடாகத் தெரியும். டேப்பை வைத்து அளந்தேன். முதல் கோட்டில் மார்பளவு 30, அடுத்ததில் 32, மூன்றாவதில் 35. கோட்டைக் காட்டிக் காட்டி அவர் சொன்னார். முதல் கோடு நாயகியின் தோழி. இரண்டாவது அண்ணி. மூன்றாவது அம்மா. அந்த அம்மா வேடம் வந்தபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. மகனாக நடித்தவருக்கு நாற்பத்திரண்டு. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

சமூகப் படம் என்றால் துணை நடிகைகள் சொந்தச் சேலையும் ரவிக்கையும்தான் கொண்டுபோக வேண்டுமாம். அதனால்தான் அது அவரிடமே தங்கியிருக்கிறது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பதினான்கு வயதில் ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை கிடையாது. முருகன் வேடக்காரர் ஓர் ஊரிலிருந்து வருவார், நாரதர் இன்னோர் ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் சந்திப்பார்கள். விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். அங்கிருந்து 1959-இல் சென்னை. மேம்பாலம் வராத கோடம்பாக்கத்தில், ரயில்வே கேட் பக்கம் ஒரு சின்ன அறை. காலையில் கம்பெனி வண்டி வந்தால் வேலை, பேட்டா. வராவிட்டால் இல்லை. நாடகத்தில் ஐயாயிரம் பேருக்குக் கேட்கும்படி பாடிய தொண்டைக்கு சினிமாவில் பாட்டு தரவில்லை. பாட்டுக்கு வேறு குரல், இவருக்கு வசனம் மட்டும்.

"தோழிக்கு என்னம்மா நடிப்பு இருக்கும்?" என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். அவர் எழுந்தார். "உன் இஸ்திரிப் பெட்டிதான் கேமரா. நீ நாயகி." என் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்தார். குதிகாலைச் சற்றுத் திருப்பி நின்றார். முதுகு இஸ்திரிப் பெட்டிக்குத் தெரியவில்லை, முகம் எனக்கு நேராக இருந்தது. தாளை நீட்டினார், அவ்வளவுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தோழிக்குத் தெரியும். தெரியும் என்பது நாயகிக்குத் தெரியக்கூடாது. கொட்டகையில் இருக்கிறவனுக்குத் தெரிந்தாக வேண்டும்" என்றார்.

படத்தின் பெயரைக் கேட்டேன். "படம் நாயகிக்குச் சொந்தம். எனக்கு அந்தக் காட்சி சொந்தம்" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

1978-இல் அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்த அத்தான் வீட்டுக்கு ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். திரும்பவே இல்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இந்து நகர், ஊட்டி

ஏன் திரும்பவில்லை என்று எனக்கும் தெரியாது. ஆனால் அவரிடம் ஒரு துண்டு ஃபிலிம் இருந்தது. அதைப் பார்த்தவன் நான்.

இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த ஆலை அது, இன்று ஓடவில்லை. வெள்ளி உப்பும் ஜெலட்டினும் கலந்த குழம்பை ஃபிலிம்மேல் பூசும் இடத்தில் வெளிச்சமே கூடாது. பக்கத்தில் நிற்பவர் யார் என்பதைக் குரலை வைத்துத்தான் அறிவோம். நான் ஃபிலிம் ஆலைக்காரன் என்று யாரோ சொல்லி, அம்மா ஒரு துருப்பிடித்த தகர டப்பாவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. அசிடேட் ஃபிலிம் ஈரத்தில் கெட்டால் அப்படித்தான் வினிகர் வாடை வரும். இந்த மலையின் ஈரத்தில் அது தப்பிப் பிழைத்ததே பெரிது. 1950-களின் தொடக்கம் வரை இருந்த நைட்ரேட் ஃபிலிம் இன்னும் மோசம், தீப்பிடிக்கும். அமிலத்தில் ஊறிய பருத்திதான் அதற்கும் அருவங்காட்டு வெடிமருந்துக்கும் மூலம். எரிந்தவை போக மிஞ்சியதில் எத்தனையோ படங்களை வெள்ளிக்காகக் கழுவிவிட்டார்கள். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ், நாயகி டி.பி. ராஜலட்சுமி. அதன் பிரதியே இன்று இல்லை. நாயகிக்கே அந்தக் கதி என்றால் தோழியை யார் காப்பாற்றி வைத்திருக்கப் போகிறார்கள்?

துண்டை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். எண்ணிப் பார்த்தேன், 14 கட்டங்கள். ஒரு அடிக்கு 16 கட்டம் என்பதால் முழுசாக ஒரு அடிகூட இல்லை. வினாடிக்கு 24 கட்டம் ஓடும். இது திரையில் ஓடினால் கண் சிமிட்டி முடிப்பதற்குள் போய்விடும். பதினான்கிலும் அவர்தான் இருந்தார். இளம் முகம், இரட்டைச் சடை, வாய் பாதி திறந்திருக்கிறது. ஓரத்தில் ஒலித்தடம் நெளிநெளியாக இறங்குகிறது. "அதுதானே என் குரல்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. புரொஜெக்டரில் ஒளி விழும் இடம் வேறு, ஒலி படிக்கும் இடம் வேறு. அதனால் ஒலியை 20 கட்டம் முன்னால் தள்ளிப் பதிப்பார்கள். இந்த முகத்தின் குரல் இதற்கு முந்தைய துண்டில் போய்விட்டது. இந்த முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது, முக்கால் வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கழித்துக் கேட்க வேண்டிய ஒலி. காகிதத்தில் வரைந்து காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "அப்படியென்றால் இது ராட்டினம்" என்றார். "கிணற்றடிக் காட்சி. நான் 'வருகிறேன் அக்கா' என்று சொல்லி முடித்ததும் வாளியை இறக்குவார்கள். ராட்டினம் சத்தம் போடும்."

அந்த நெளிவு ராட்டினமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. டப்பாவில் அடைக்காமல் காகித உறையில் போட்டுக் காற்றோட்டமாக வைக்கச் சொல்லி அனுப்பினேன். அந்த உறை இப்போது யாரிடம் இருக்கிறது?

கேத்தி

நான் மூன்றாம் பிறை பைத்தியம். 1982-இல் வந்த அந்தப் படத்தின் கடைசிக் காட்சி எங்கள் கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் இன்றும் வந்து நடைமேடையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் அதே இடத்தில் இந்த அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் வழக்கம்போல கமல்ஹாசன் ஓடிவரும் இடம், குரங்குச் சேட்டை காட்டும் இடம் என்று விளக்க ஆரம்பித்தேன். அந்த நடிப்புக்குத்தான் தேசிய விருது கிடைத்தது, பாலு மகேந்திராவுக்கும் ஒளிப்பதிவுக்கு விருது என்றெல்லாம் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரயிலுக்குள் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாயா தம்பி?" என்றார். நினைவு திரும்பி, கமலை அடியோடு மறந்துவிட்ட பெண்ணாக வரும் ஸ்ரீதேவியைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எதிரே ஒருவர் உயிரைக் கொடுத்து நடிக்கிறார். பார்க்கிற எவருக்கும் அழுகை வரும். அந்தப் பெண் முகத்தில் 'யாரோ பாவம், பைத்தியம்' என்பதற்குமேல் ஒரு துளி வரக்கூடாது. வந்தால் காட்சி போச்சு. பதினெட்டு வயதுப் பெண் அதைச் செய்திருக்கிறாள். 1967-இல் கந்தன் கருணையில் குழந்தை முருகனாக வந்த குழந்தை. முகத்தை அடக்குவதை அந்த வயதிலிருந்தே பழகியிருக்கிறாள்."

அன்றைக்குப் பிறகு அந்தக் காட்சியை நான் ரயிலுக்கு உள்ளிருந்துதான் பார்க்கிறேன். 2018 பிப்ரவரியில் ஸ்ரீதேவி இறந்த செய்தி வந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்த அம்மாதான். ஒட்டுப்பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே தெரிந்திருந்தது. விளக்கு ஏற்றி வைத்திருந்தார்.

வெலிங்டன்

என் மகள் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான் என்று இப்போதுதான் புரிகிறது. நீல ரவிக்கை போட்டிருந்தார். "மைக்கை நம்பாதே, கடைசி வரிசைப் பாட்டிக்குக் கேட்க வேண்டும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். மகள் இப்போது வழக்கறிஞர். நீதிமன்றத்தில் அவள் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறது.

கோத்தகிரி

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப 1964-இல் இரு நாடும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தோம். என் அம்மா அங்கேயும் கொழுந்து பறித்தவர், இங்கேயும் அதே வேலைதான்.

ஒரு நாள் கோத்தகிரி சந்தையில் பீன்ஸ் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கையை என் அம்மா பிடித்துக்கொண்டார். "நீங்கள் கடிதம் கொடுத்தவர்தானே?" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அந்தப் பெண்மணி கையை உதறவில்லை. "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில், லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முன்னால் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். அம்மாவுக்குக் கல்யாணம் ஆகாத வயது. கிணற்றடி, இரட்டைச் சடை, வெள்ளை ரவிக்கை, கையில் கடிதம் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். அதே மாதிரி வெள்ளை ரவிக்கை தைத்துக்கொள்ள ஆசைப்பட்டு ஒரு மாதச் சம்பளத்தில் துணி வாங்கினாராம்.

"கடல் தாண்டி அங்கே வரைக்கும் போனேனா நான்" என்று அந்த அம்மா சொன்னதும் கண் கலங்கியதும் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. இருவரும் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் வர்க்கி வாங்கித் தின்றுகொண்டு இரண்டு குன்னூர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

இந்த இழையை நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தையல் கடை அக்காவிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்த வெள்ளை ரவிக்கையை அவர்கள் எப்போதாவது பார்த்தார்களா?

குன்னூர், தையல் கடை

கோத்தகிரித் தம்பி, அதே ரவிக்கைதான். வெள்ளை இல்லை. கருப்பு வெள்ளைப் படத்தில் சுத்த வெள்ளை உடுத்தினால் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுமாம்; அதனால் வெளிர் நீலம் போடுவார்கள், திரையில் அது வெள்ளையாக விழும். இதை அவரே எனக்குச் சொன்னார். உங்கள் அம்மா பார்த்த வெள்ளை, என் பலகையில் கிடந்த நீலம்.

முதல் முறை வந்தபோது புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாம் கண்ணு, உள்ளே இன்னும் கொஞ்சம் துணி இருக்கிறது, பிரித்துவிடு" என்றார். பிரித்துவிட்டேன். அதுதான் வெலிங்டனில் அவர் போட்டிருந்தது. இரண்டு வருடம் முன்னால் மறுபடி கொண்டுவந்தார். உடம்பு வற்றிவிட்டது, பிடிக்க வேண்டும். அளவெடுத்தால் 30. முதல் கோட்டுக்கே திரும்பி வந்திருந்தது. அந்தப் பழைய ஊசித் துளைகளின் மேலேயே தையல் ஓட்டினேன். முடித்து மடித்து வைத்தேன். அவர் வாங்க வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், பிறகு கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள், பிறகு ஐப்பசி வந்துவிட்டது.

அக்காள் மகனிடம் கொடுக்கப் போனேன். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஃபிலிம் உறையும் அவரிடம்தான் இருக்கிறது, இந்து நகர் ஐயா. கேட்டுப் பார்த்தேன், தருகிறேன் என்றார்.

உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மற்ற நாளில் மாலை ஆறரை வரை இருப்பேன். மழையாக இருந்தால் மார்க்கெட்டின் மேல் வாசலில் இறங்குங்கள், கீழே வழுக்கும். கழுத்துப் பட்டையை நான் துவைக்கவில்லை.