எல்லையரக்கல்: ஸ்கோப் கிறீப்புக்கு ஒரு தமிழ்ச்சொல்

மடல் 1. திருகோணமலையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம்.

நான் திருகோணமலையில் கணினி விஞ்ஞானம் படிக்கும் இறுதியாண்டு மாணவி. ஒரு வருடமாக இந்தச் சொல்லாக்கக் குழுவில் உங்கள் மடல்களை வாசித்துக்கொண்டு மூலையில் இருந்தவள். இப்போது ஒரு சொல்லுக்கு முட்டுப்பட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் செயற்றிட்டம் நிலாவெளிப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்துக்கு. முறைமையைப் பகுப்பாய்ந்து, வடிவமைத்து, ஓடவிட்டுக் காட்ட வேண்டும். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: நாங்கள் செயற்றிட்டம் என்பதை நீங்கள் திட்டப்பணி என்பீர்கள். முறைமை என்று வரும் இடத்தில் அமைப்பு என்று வாசித்துக்கொள்ளுங்கள். எங்கள் உயர்தரப் பாடநூல் அப்படித்தான் பழக்கிவிட்டது.)

பல்கலைக்கழக வளாகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை கொடுத்தால் போதும். ஆனால் முறைமை என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதும் தேவை ஆவணத்தில் கையொப்பம் வைக்கப்போகிறவர்கள் சங்கத்துச் செயலாளரும் பொருளாளரும். அவர்களுக்கு வாசிக்க வராத பாஷையில் பன்னிரண்டு பக்கம் எழுதி, "இதில ஒரு கையெழுத்துப் போடுங்கோ மாமா" என்று நீட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் முழுவதையும் தமிழில் எழுதினேன். சாத்தியவள ஆய்வு, தொழிற்பாட்டுத் தேவை, தரவுப் பாய்ச்சல் வரைபடம் எல்லாம் பாடநூலிலேயே கிடைத்தன. ஒரு தலைப்பில் மட்டும் பேனா நின்றுவிட்டது. ஸ்கோப் கிறீப்: ஒப்புக்கொண்ட வேலையின் எல்லை சிறிது சிறிதாகப் பெருகிக்கொண்டே போவது.

அது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து மாதம் பட்டே தெரிந்துகொண்டேன்.

தொடக்கத்தில் ஒப்புக்கொண்டது அங்கத்தவர் பதிவு, கடன், கடன் தவணை, அவ்வளவுதான். பொருளாளர் அவற்றை நான்கு சீ.ஆர். கொப்பிகளில் (பெரிய குறிப்பேடுகளில்) எழுதி வைத்திருந்தார். பதினான்கு தேவைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். இரண்டாவது மாதம் செயலாளர் கேட்டார்: "பிள்ளை, ஆர் எத்தனை ஐஸ் எடுத்தது எண்டு ஒரு கோடு போட்டா என்ன? சின்ன வேலைதானே." சின்ன வேலைதான். அட்டவணையில் ஒரு நிரல், அதாவது மேலிருந்து கீழாக ஒரு பத்தி. சரி என்றோம். ஐஸ் காசு மீன் விற்ற காசில் கழிபடும், அதனால் மீன் நிறையும் வேண்டும் என்றார்கள். நிறை வந்தால் எந்த மீன் என்று வேண்டும், பாரைக்கும் சூடைக்கும் ஒரே விலையா? மீனின் பெயர் வந்தால் விலை வேண்டும். விலை நாளுக்கு நாள் மாறும், ஆகவே திகதி போட்ட விலைப்பட்டியல் வேண்டும். ஒரு நிரலில் தொடங்கி மூன்று புதிய அட்டவணைகளில் வந்து நின்றோம். இதற்குள் டீசல் கணக்கும் எப்படியோ ஏறிக்கொண்டது.

யாரும் ஒரு நாளாவது "இது பெரிய வேலை" என்று சொல்லவில்லை. அதுதான் விசயம். கடைசியில் எங்கள் மேற்பார்வையாளர் முதல் வரைபடத்தைத் திரும்பக் கீறிக்கொண்டு வரச் சொன்னார். முழு முறைமையும் ஒரே வட்டமாக நடுவில் இருக்க, அதனோடு தரவு கொடுத்து வாங்குகிறவர்கள் வெளியே சதுரங்களாக இருக்கும் படம். தொடக்கத்தில் இரண்டு சதுரங்கள்தான்: அங்கத்தவர், பொருளாளர். இப்போது ஐஸ் கொடுப்பவர், மீன் வியாபாரி, எண்ணெய் நிலையம் என்று ஐந்தாகிவிட்டது. தேவைப் பட்டியலை நாள்முழுக்கப் பார்த்தும் விளங்காதது படத்தில் ஒரே பார்வையில் விளங்கியது. புதிதாக ஒரு சதுரமோ அம்புக்குறியோ முளைத்தால் எல்லை நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிற்பாடு செயற்றிட்டம் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த முதல் படத்தை மாதம் ஒருமுறை திரும்பக் கீறுங்கள். நாங்கள் கீறவில்லை. பரிசோதனைக்கு ஒதுக்கியிருந்த மூன்று வாரம் ஐந்து நாளாகச் சுருங்கியது.

இந்தக் குழுவின் பழைய மடல்களில் தேடியபோது மூன்று சொற்கள் கிடைத்தன: எல்லை ஊர்வு, நோக்கெல்லை விரிவு, தேவைவீக்கம்.

ஊர்வு ஆங்கிலத்தின் நிழல். கிறீப் என்றால் ஊர்தல், எனவே ஊர்வு. செயலாளர் மாமாவிடம் "எல்லை ஊர்ந்திட்டுது" என்றால் பாம்பு வந்ததா என்று கேட்பார். விரிவு நல்ல சொல், ஆனால் நல்ல காரியத்துக்கான சொல். இரு பக்கமும் பேசி, காலத்தையும் காசையும் கூட்டி, வேலையைப் பெருப்பித்தால் அதற்கும் விரிவு என்றுதானே சொல்வோம்? வீக்கம் பரவாயில்லை, பணவீக்கம் ஏற்கெனவே நடைபோட்டிருக்கிறது. ஆனால் வீக்கம் என்பது விளைவு. எனக்கு வேண்டியது அந்த விளைவைக் கொண்டுவரும் செய்கைக்குப் பெயர்.

நான் ஒரு சொல் கொண்டு வந்திருக்கிறேன். என்னுடையது அல்ல, அம்மம்மாவுடையது.

அம்மம்மாவின் வீடு சாம்பல்தீவில். அந்தக் காணிக்கும் பக்கத்துக் காணிக்கும் நடுவில் கதியால் வேலி, அதாவது உயிருள்ள கம்புகளை நட்டு அடைக்கும் வேலி. வருடா வருடம் கிடுகு மாற்றி வேலி அடைக்கும்போது, பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதுசு நடுவார்கள். நடும்போது பக்கத்து வீட்டார் ஒரு விரற்கடை இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிடுவார்களாம். செயற்றிட்டக் கதையை நான் புலம்பிக்கொண்டிருக்க, வெற்றிலை இடித்துக்கொண்டே அம்மம்மா சொன்னார்: "இது வேலி அரக்கிற கதைதானே. ஒரேயடியாத் தள்ளினா ஊர் கூடிக் கேக்கும். வருசத்துக்கு ஒரு விரற்கடை அரக்கினா ஆர் கேப்பினம்?"

அரக்குதல். "கொஞ்சம் அரக்கி இரு" என்று பஸ்ஸில் இடம் கேட்கிறோமே, அதே சொல். கொஞ்சமாக, இருந்த இடத்திலிருந்து அதிகம் கிளப்பாமல் நகர்த்துவது. எல்லை + அரக்கல் = எல்லையரக்கல். உங்கள் கருத்து என்ன?

மடல் 2. கோயம்புத்தூரிலிருந்து

அன்பு மகளுக்கு,

மடலை இரண்டு முறை படித்தேன். வேலிக் கதை அருமை. சொல்லில் எனக்கு இரண்டு தடைகள்.

முதலாவது, இங்கே அரக்கு என்றால் முத்திரை வைக்கிற அரக்கு. பாண்டவர்களைக் குடிவைத்த அரக்கு மாளிகை. இல்லையென்றால் அரக்கன். 'எல்லையரக்கல்' என்று ஒரு மென்பொருள் கட்டுரையில் பார்த்தால் எல்லையில் ஓர் அரக்கன் நிற்கிறான் என்றுதான் எங்கள் பிள்ளைகள் நினைப்பார்கள். நகர்த்தும் பொருள் இங்கே பேச்சில் எனக்குக் கேட்ட நினைவில்லை. இரு கரைக்கும் பொதுவாக 'எல்லை நகர்த்தல்' என்று வைத்துக்கொண்டால் என்ன?

இரண்டாவது, இலக்கணம். ஆங்கிலச் சொல் தன்வினை. யாரும் செய்யாமல் தானாக நிகழ்வதை அது குறிக்கிறது. அரக்குதல் பிறவினை, செய்பவர் ஒருவரைக் கேட்கும். யார் அரக்கினார் என்ற கேள்வி வரும். ஒரு நிகழ்வின் பெயருக்குள் குற்றச்சாட்டை வைக்கலாமா? ஊர்வு என்பதை நான்தான் முன்பு இங்கே பரிந்துரைத்தேன். பாம்பு வந்தாலும் பரவாயில்லை, அதில் யார்மேலும் பழி இல்லை.

மடல் 3. டொரோண்டோவிலிருந்து

தங்கச்சி, நான் அச்சுவேலிக்காரன். வேலி வழக்கில் பாதிக் காணியை அப்புக்காத்துக்கே (வழக்கறிஞருக்கே) எழுதிக் கொடுத்த குடும்பங்களைத் தெரியும். ஆகவே என்னுடைய வாக்கு எல்லையரக்கலுக்கு.

ஒன்று மட்டும். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டு எல்லை போவது பாதிதான். மிச்சம் நாங்களே செய்வது. யாரும் கேட்காத வரைபு, கேட்காத நிறம், கேட்காத தேடல் வசதி. ஆங்கிலத்தில் அதைத் தங்க முலாம் பூசுவது என்று வேறாகச் சொல்வார்கள். உங்கள் குழுவில் அப்படி ஒன்றும் நடக்கவில்லையா? உண்மையைச் சொல்லுங்கோ.

மடல் 4. திருகோணமலையிலிருந்து

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. வைவாவுக்கு (செயற்றிட்டத்தின் வாய்மொழிப் பரீட்சைக்கு) ஆயத்தப்பட்டதால் பதில் பிந்திவிட்டது.

அண்ணா கேட்டதற்கு முதலில். நடந்தது. கடன் நிலுவையை வட்ட வரைபடமாகக் காட்டினால் வடிவாக இருக்கும் என்று நான்தான் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. நான்கு இரவுகள் போயின. பொருளாளர் அதைப் பார்த்து "இது என்ன, அப்பமா?" என்றார். ஆகவே நானும் வேலியை அரக்கியவள்தான்.

ஐயா சொன்ன பழி விடயம் என்னை நன்றாக யோசிக்க வைத்தது. ஆனால் யோசிக்க யோசிக்க மறுபக்கம்தான் சாய்கிறேன். எல்லை தானாக நகர்வதே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒருவர் கேட்டார், ஒருவர் சரி என்றார். ஆங்கிலச் சொல் அந்த இரண்டு பேரையும் ஒளித்து வைத்திருக்கிறது. தமிழிலும் ஏன் ஒளிக்க வேண்டும்? யார் அரக்கினது என்ற கேள்வியை எழுப்பினால் அது அந்தச் சொல்லின் குணம், குறை அல்ல. மாற்றக் கோரிக்கைப் படிவம் என்று ஒன்றை வைத்து, கேட்டவர் பெயர், திகதி, எத்தனை நாள் வேலை கூடும் என்றெல்லாம் நிரப்பச் சொல்வதும் அதே கேள்விக்காகத்தான்.

சொல் இப்படிச் செய்பவரைக் கேட்பதால் எனக்கு இன்னொரு பிரயோசனமும் கிடைத்தது. நடந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அரக்கினது யார் என்று எழுதிப் பார்த்தேன். ஐஸுக்கு எதிரே செயலாளரும் நாங்களும். டீசலுக்குப் பொருளாளர். வட்ட வரைபடத்துக்கு நான். ஒன்றே ஒன்றுக்கு எதிரே யாரையும் எழுத முடியவில்லை: சிங்களத்திலும் பற்றுச்சீட்டு.

நடந்தது இதுதான். நாங்கள் நேர்காணல் செய்தது மார்கழியில். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்க, வள்ளங்கள் கரையில் கிடக்க, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், ஆறுதலாகக் கதைக்கலாம். நல்ல கெட்டித்தனம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். சித்திரைக்குப் பிறகு காற்று மாறியது. மேற்குக் கரையில் கடல் கெட, நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து தொழிலாளர்கள் வழமைபோல இந்தப் பக்கம் வந்தார்கள். புரட்டாதி வரை இங்கேதான் வாடி (கரையோரத் தற்காலிகக் குடிசை) போட்டுத் தொழில். அவர்களும் சங்கத்தில் ஐஸ் எடுப்பார்கள், காசு வைப்பார்கள். பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. "சிங்களத்திலயும் துண்டு வேணும் பிள்ளை" என்று செயலாளர் சொன்னபோது, இதோ இன்னொரு அரக்கல் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனால் அது அரக்கல் இல்லை. அந்த மனிதர்கள் எங்கள் வேலிக்கு உள்ளேயே நெடுக இருந்தவர்கள். நாங்கள் போன மாதத்தில் அவர்கள் ஊரில் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பெயர் விடுபட்ட தேவை, பிழை எங்களுடையது. எல்லை ஊர்வு என்றோ தேவைவீக்கம் என்றோ எழுதியிருந்தால் இதையும் அதே மூட்டைக்குள் கட்டிச் சங்கத்தின் தலையில் வைத்திருப்பேன். வைவாவில் இதைச் சொன்னபோது, ஆண்டு முழுக்க நடக்கும் தொழிலை ஒரு பருவத்தில் மட்டும் பார்த்து அளந்தது ஏன் என்று ஒரு கேள்வி வந்தது. பதில் இல்லை. வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அரக்கு மாளிகைப் பிரச்சினைக்கு என்னிடம் முழு விடை இல்லை, ஐயா. படி, திங்கள், மாலை என்று பல பொருள் சுமக்கும் சொற்களோடு நாம் வாழவில்லையா என்று கேட்கலாம், ஆனால் அந்தச் சொற்களின் எல்லாப் பொருளும் உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். அரக்குதல் அப்படி இல்லை என்பது உண்மைதான். 'எல்லை நகர்த்தல்' எல்லோருக்கும் விளங்கும். ஆனால் அதில் அந்த விரற்கடை இல்லை. ஒரேயடியாகப் பத்து முழம் தள்ளினாலும் நகர்த்தல்தான். எனவே ஆவணத்தில் எல்லையரக்கல் என்றே போட்டுவிட்டு, முதல் இடத்தில் மட்டும் "எல்லையைச் சிறிது சிறிதாக நகர்த்தல்" என்று ஒரு வரி விளக்கம் எழுதினேன். கணனி என்று எழுதிய கையே இன்று கணினி என்று எழுதவில்லையா? ஒரு சொல் நிற்பதும் விழுவதும் புழக்கத்தைப் பொறுத்தது.

புழக்கம் என்றதும் ஒன்று. போன கிழமை ஒப்படைப்புக் கூட்டம். எல்லாம் ஓடவிட்டுக் காட்டி முடிய, பொருளாளர் மெல்லத் தொடங்கினார், வலைக்குக் கொடுக்கிற மானியத்தையும் இதுக்குள்ள போட்டால் நல்லமே என்று. நான் வாய் திறக்க முந்தி செயலாளர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "காணும் ஐசே, வேலிய அரக்காதையும். பிள்ளையள் சோதினை முடிச்சுப் போகட்டும்." ஐஸ் கணக்கைத் தொடக்கி வைத்த அதே மாமா.

இனி அண்ணாவின் தங்க முலாம். அதை அப்படியே எழுதினால் பாராட்டு மாதிரி இருக்கிறது, தமிழில் தங்க முலாம் பூசிய பொருளை யார் வேண்டாம் என்பார்கள்? கேட்காத இடத்தில் செய்யும் வேலை என்ற உறுத்தல் வரவேண்டும். 'வேண்டா அலங்காரம்' என்று யோசித்தேன், எனக்கே பிடிக்கவில்லை. கோயில் தேருக்கு அளவுக்கு மிஞ்சிச் சோடிப்பதைப் பற்றி உங்கள் ஊர்களில் ஏதாவது சொல் உண்டா?