கலைச்சொல்: ‘இலகுத் தோட்டா’ வேண்டாம், ‘இடைத்தோட்டா’ ஆகட்டும்

> ‘இலகுத் தோட்டா’ என்றே வைத்துவிடலாம். படித்ததும் புரியும்.

ஐயா, வணக்கம்.

ரைஃபிள் தோட்டாவுக்கும் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் நடுத்தரமான வகைக்கு (intermediate cartridge) அந்தப் பெயரா? புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ‘இலகு இயந்திரத் துப்பாக்கி’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். அங்கே இலகு என்பது துப்பாக்கியின் எடை. பிரிட்டிஷ் படையின் பிரென் அந்த வகைதான். அதில் போட்டதோ ரைஃபிளுக்குரிய அதே .303 தோட்டா.

நீங்கள் மொழிபெயர்க்கும் .30 கார்பைன் தோட்டாவின் கதை வேறு. கார்பைன் என்பது அமெரிக்கப் படையின் குட்டையான, எடை குறைந்த துப்பாக்கி. லாரி ஓட்டுபவர், சிக்னல்காரர், மோர்ட்டார் குழுவினர் போன்றோருக்கு அந்தப் படையின் வழக்கமான 4.3 கிலோ காரண்ட் ரைஃபிள் வீண் சுமை. கைத்துப்பாக்கியோ தூரத்துக்கு உதவாது. அதற்காக வின்செஸ்டர் நிறுவனம் தன் பழைய .32 தோட்டாவைத் திருத்தி, 1940-41 வாக்கில் இதைச் செய்தது. கூட்டின் நீளம் 33 மி.மீ. (காரண்டுடையது 63), குண்டு 7 கிராம் சொச்சம், வேகம் நொடிக்கு ஏறக்குறைய 600 மீட்டர். ஆற்றலில் ரைஃபிள் தோட்டாவின் பாதிகூட வராது; .45 கைத்துப்பாக்கியை எடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல். துப்பாக்கியும் 2.4 கிலோதான். 60 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் ‘இடைத்தோட்டா’ என்கிறேன். ஜெர்மானியரின் 7.92×33 (குண்டின் விட்டம் × கூட்டின் நீளம், மி.மீ.), ஏ.கே. 47-இன் 7.62×39 இரண்டும் இந்த வகைக்குள் தாராளமாக அடங்கும். கார்பைன் தோட்டா வகையின் கீழ்விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது. சேர்க்கமாட்டேன் என்பாரும் உண்டு. நான் சேர்ப்பேன்.

> குளச்சல் பக்கம் தோட்டா என்றால் மீனுக்கு எறியும் வெடியல்லவா?

ஆமாம், கல்குவாரியிலும் அப்படித்தான். கல்குளம், விளவங்கோடு பக்கம் பட்டாளத்திலிருந்து வந்தவர்களோ ‘ரவுண்டு’ என்பார்கள். சுட்டபின் தெறித்து விழும் வெற்றுக்கூடு அவர்களுக்குக் ‘கோக்கா’. ஆனாலும் தோட்டாவை விட மனமில்லை. உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் தளபதி டிலனாய் வார்த்த பீரங்கிக்கு வெடிமருந்து தனி, குண்டு தனி. இரண்டும் ஒரே கூட்டுக்குள் வந்தால் தோட்டா. மீன்வெடியிலும் மருந்தை அடைத்துக் கட்டியதைத்தானே அப்படிச் சொல்கிறோம்? பறந்துபோய்த் தைப்பதைத் தோட்டா என்று எழுதும் செய்தித்தாள் வழக்கத்தை மட்டும் நம் பட்டியலில் ஏற்றவேண்டாம், அது குண்டு.

தோட்டாவின் அடியில் பொறி பற்றும் சிறு மூடிக்கு (primer) நம் பட்டியலில் இன்னும் சொல் இல்லை. கார்பைனில் வாயு தள்ளும் பிஸ்டனை வீரர் எளிதில் கழற்றித் துடைக்க முடியாது என்பதால், துருவேற்றாத மருந்தையே இந்த மூடியில் முதலிலிருந்து வைத்தார்கள். உங்கள் கட்டுரையில் அந்தப் பத்தி வருமே! ‘பொறிமூடி’ என்று போட்டுவைத்திருக்கிறேன். பொட்டுவெடி நினைவில் ‘பொட்டு’ போதும் என்றால் அதற்கும் சம்மதம்.