ஹம்பியை அரை நாளில் சுற்றியவர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு இடத்தைச் சொல்லுங்கள்

வெயில்காலம்:

நானே ஆரம்பிக்கிறேன். ரொம்ப வருடத்துக்கு முன்னால் போனது, விட்டலர் கோயில் ரங்க மண்டபத்துக்குள் ஆட்களை விட்டுக்கொண்டிருந்த காலம். தூணைத் தட்டக் கூடாது என்ற பலகை அப்போதே உண்டு. ஹொசப்பேட்டையிலிருந்து ஒரு வேன், பன்னிரண்டு பேர், கன்னடம் கலந்த தமிழ் பேசும் வயதான கைடு ஒருவர். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று கணக்கு.

இசைத் தூண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நடுவில் தடித்த தூணும் அதைச் சுற்றி ஒல்லி ஒல்லியாகச் சின்னத் தூண்களும். தட்டினால் ஓசை எப்படி வருகிறது, உள்ளே குழல் இருக்கிறதா என்று பார்க்க வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டை அறுத்துப் பார்த்தார்கள், உள்ளே ஒன்றுமில்லை, கெட்டிக் கல்தான் என்று கைடு சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், எங்கள் வேனில் வந்த ஒருவர் மோதிர விரலால் ஒரு சின்னத் தூணைத் தட்டினார். வெண்கலச் சொம்பைச் சுண்டினால் வருமே, அந்த ஓசை. கைடு திட்டுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நேரே வந்து அந்தத் தூணில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார், அதிர்கிற பாத்திரத்தை அடக்குவது மாதிரி. ஓசை எப்போதோ நின்றுவிட்டது, கையை மட்டும் எடுக்கவில்லை. அப்புறம் "வாங்க, தேரு பாக்கலாம்" என்றார்.

தட்டினது நான் இல்லை. ஆனால் பக்கத்துத் தூணில் காதை ஒட்டிக்கொண்டு "இன்னொரு தடவை" என்று கேட்டது நான்தான். அவர் காதில் அது விழுந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஆற்றுமணல்:

போன வருடம் அம்மாவோடு போனேன். ஒரே கல்லில் செய்த தேர், தாமரை மகால், யானைக் கொட்டாரம் எல்லாம் பார்த்தோம், அதையெல்லாம் நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது விருபாக்ஷர் கோயில் கருவறைக்குப் பின்னால் இருக்கும் இருட்டறையைப் பற்றி. கோபுரம் தலைகீழாக விழுமே, அந்த அறை.

கூட்டம் சுவரைப் பார்த்து "ஆமாம் ஆமாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. கைடு தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, துவாரத்துக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். ஒன்பது நிலைக் கோபுரம், ஐம்பது மீட்டர் உயரம், அது ஒரு துண்டுக்குள் வந்து நின்றது, கலசமெல்லாம் கீழே. ஒரு புறா குறுக்கே பறந்தது, அதுவும் தலைகீழாக. அப்போதுதான் இது படமோ நிழலோ இல்லை, இந்த நிமிடம் வெளியே நடப்பது என்று எனக்கு உறைத்தது. ஒளி நேர்கோட்டில் போகும், ஊசித்துளை கேமரா என்று ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படித்ததுதான். அட்டைப்பெட்டியில் செய்துகூட பார்த்திருக்கிறேன்.

அம்மா துண்டுக்கு முன்னால் கையை நீட்டினாள். கோபுரம் அவள் புறங்கையில் விழுந்தது, நரம்புக்கு மேலே நிலை நிலையாக. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "வாம்மா, நேரமாச்சு" என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பழையகணக்கு:

ஆற்றுமணல், அந்தத் தேர் ஒரே கல் இல்லை. பல கற்களைச் சேர்த்துச் செய்த சின்னக் கருடன் சன்னதி அது. இணைப்பெல்லாம் சிற்ப வேலைப்பாட்டில் மறைந்துவிடும், கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். மேலே செங்கல்லில் ஒரு விமானமும் இருந்தது, 1856-இல் எடுத்த புகைப்படத்தில் அது அப்படியே நிற்கிறது. பல கைடுகள் "ஒரே கல்" என்று சொல்லிவிடுகிறார்கள், கேட்டவர்கள் ஊருக்கு வந்து அதையே பரப்புகிறார்கள், எனக்கு இது தாங்குவதில்லை.

என் அனுபவமும் அந்தத் தேரில்தான். எல்லோரும் இந்தத் தேர் அச்சடித்த ஐம்பது ரூபாய் நோட்டைத் தேருக்கு நேரே நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கைடு என்னை மட்டும் பக்கவாட்டில் கூப்பிட்டு, முன்னால் நிற்கும் யானைகளுக்குப் பின்னால் பார்க்கச் சொன்னார். அங்கே குதிரையின் வாலும் பின்னங்காலும் மிச்சம் இருக்கின்றன. முதலில் இழுத்தது குதிரை, யானை பிற்பாடு கொண்டுவந்து வைத்தது. பையில் கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன், அதில் யானைதான் இருக்கிறது.

இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அரை நாளில் ஹம்பி பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். குறைந்தது இரண்டு நாள் வையுங்கள். முதலில் கமலாபுரம் அருங்காட்சியகம் போங்கள், ஊர் முழுவதையும் சின்ன மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். எந்தக் குன்று எங்கே, ஆறு எந்தப் பக்கம் என்று மனதில் பதிந்துவிட்டால் பிறகு கைடு சொல்வது புரியும். மகாநவமி மேடைக்கு உச்சி வெயிலில் ஏறாதீர்கள், பாறை சுடும், ஒதுங்க நிழல் கிடையாது. கோயிலுக்குள் செருப்பில்லாமல் நடக்க ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள். விருபாக்ஷர் கோயிலில் குரங்கு அதிகம், கையில் வாழைப்பழம் வேண்டாம். விட்டலர் கோயிலுக்கு வாங்கும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதே நாளில் தாமரை மகாலுக்கும் அதுவே செல்லும். விடியற்காலையில் மாதங்க மலை ஏறுங்கள், துணைக்கு ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். அரசு அட்டை வைத்திருக்கும் கைடா என்று பாருங்கள், எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். இன்னொன்று, விஜயநகரப் பேரரசின் தலைநகரமாக இருந்த ஹம்பி அழியக் காரணமான 1565 தலைக்கோட்டைப் போரைப் பற்றி இரண்டு பக்கமாவது படித்துவிட்டுப் போங்கள். 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ் ரோமுக்கு இணையாகச் சொன்ன நகரம் இது. இது தெரியாமல் போனால் கல்லும் முள்ளும்தான் கண்ணில் படும்.

ஆற்றுமணல்:

தேர் விஷயத்தில் என்னைத் திருத்தியதற்கு நன்றி, கைடு சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். ஆனால் இரண்டு நாள் இல்லாமல் போகவே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டது. அந்த அரை நாள்தான் அவளால் முடிந்தது, அதில்தான் அவளுக்கு அந்தக் கோபுரம் கிடைத்தது. மாதங்க மலை ஏறச் சொல்லி நான் கேட்கவில்லையே.

தென்னங்கீற்று:

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு உக்ர நரசிம்மர். 1528-இல் கிருஷ்ணதேவராயர் செய்வித்தது, இது நிஜமாகவே ஒரே கல், 6.7 மீட்டர். எங்களை நிறுத்திய இடத்திலிருந்து அந்த முழிக்கண்ணும் கோரைப்பல்லும்தான் தெரிந்தன. கூட வந்த பையன் பயந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கைடு பையிலிருந்து ஓரம் மடிந்த ஒரு போட்டோவை எடுத்து அவனிடம் காட்டினார், சிலையின் பின்பக்கம். மடியில் இருந்த லட்சுமியை உடைத்துவிட்டார்கள், அவள் அணைத்த கை மட்டும் அவர் முதுகில் அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. விரல் விரலாக. பையன் போட்டோவைப் பார்த்தான், சிலையைப் பார்த்தான், "அப்போ அவருக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்டான். கைடு பதில் சொல்லாமல் போட்டோவை அவன் கையிலேயே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தார். வேன் ஏறும்போதுதான் திருப்பி வாங்கிக்கொண்டார். அவன் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கிறான், என்னிடமும் பதில் இல்லை.

கல்வேலை:

நான் தரைக்கும் படிக்கும் கல் பதிக்கிற வேலை செய்கிறவன், இருபது வருடமாக. எழுத்தெல்லாம் சரியாக வராது. படிக்கட்டுக் குளத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

1980-களில் தோண்டி எடுத்த குளம் அது, கறுப்புக் கல்லில் நாலு பக்கமும் படி படியாக இறங்கும். கைடு இரண்டு நிமிடம் பேசினார், எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள். நான் போன் கேமராவைப் பெரிதாக்கிப் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லில் சின்னச் சின்னதாகக் கோடும் எழுத்தும். முதலில் யாரோ கிறுக்கியது என்று நினைத்தேன். அடுத்த கல்லிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். ஓடிப் போய்க் கைடைக் கேட்டேன். எந்தத் திசை, எத்தனையாவது வரிசை, அதில் எந்த இடம் என்று ஒவ்வொரு கல்லிலும் குறித்திருக்கிறார்கள், வேறு இடத்தில் செதுக்கி முடித்துக் கொண்டுவந்து இங்கே கோத்திருக்கிறார்கள் என்றார்.

சார், நான் தினமும் செய்வது அது. பட்டறையில் அறுத்த படிக்கல்லின் ஓரத்தில் சாக்குக்கட்டியால் கி 3, வ 5 என்று எழுதித்தான் வண்டியில் ஏற்றுவேன், மேலே ஏற்றுகிற பையன் மாற்றி வைத்துவிடக் கூடாதே என்று. என் குறி மழை பெய்தால் போய்விடும், பூசினால் மறைந்துவிடும். அந்த ஆள் உளியால் வெட்டி வைத்திருக்கிறான். அவனுக்கும் ஏற்றுகிற பையன் மேல் நம்பிக்கை இல்லை போல. அங்கேயே நின்றுவிட்டேன், வேனில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள், கோபப்பட்டார்கள், ராணி குளியலறையை நான் பார்க்கவே இல்லை.

என் போனில் எடுத்தது மங்கலாக இருக்கிறது. ஒரு கல்லில் குறி தலைகீழாக இருந்த மாதிரி தெரிந்தது. அந்தக் கல்லைத் திருப்பி வைத்துவிட்டார்களா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று பார்க்க வேண்டும். யாரிடமாவது கிட்டத்தில் எடுத்த படம் இருந்தால் போடுங்கள். இறங்குகிற வழிக்கு எதிர்ப் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரிசை.