ஆம்ப்ளிஃபயர் போர்டு டெஸ்ட் பண்ண டூயல் சப்ளை: ரெகுலேட்டட் வேணுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கமுங்க. வீட்ல டிடிஏ7294, எல்எம்3886 ஆம்ப்ளிஃபயர் ஐசி போர்டெல்லாம் செஞ்சு பாத்துட்டு இருக்கேன், ஒவ்வொன்னுக்கும் டிரான்ஸ்பார்மர மாட்டிக் கழட்டியே சலிச்சுப்போச்சு, அதனால டேபிள் மேல நிரந்தரமா பிளஸ், மைனஸ் ரெண்டும் குடுக்கற ஒரு சப்ளை செஞ்சு வெச்சரலாம்னு இருக்கேன். பொள்ளாச்சில கட்டுன 24-0-24, 5 ஆம்ப் டிரான்ஸ்பார்மர் ஒன்னு சும்மா கெடக்குது. எல்எம்317, எல்எம்337 வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி வெச்சு, கரண்ட் தாங்கறதுக்குக் கூடவே 2என்3055, எம்ஜே2955 பாஸ் டிரான்சிஸ்டர் போட்டு ரெண்டு பக்கமும் 0-ல இருந்து 30 வோல்ட் வரைக்கும் செஞ்சரலாமுங்களா? இங்க ராத்திரியானா லைன் வோல்டேஜ் 250க்குப் போயிருது, அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க. சாமான் வாங்க எர்ணாகுளம் பள்ளிமுக்கு போகோணும், ஒரே நடையில முடிச்சாத் தேவலை.

மார்த்தாண்டம் ரேடியோ:
செய்யலாம் அண்ணே, ஆனா ஆம்ப்ளிஃபயர் டெஸ்டுக்கு இது வேண்டாத வேலை. சூட்டை ஒருக்கா கணக்குப் போட்டுப் பாருங்க. உள்ள 35 வோல்ட் வருது, நீங்க 10 வோல்ட்ல வச்சு 3 ஆம்ப் இழுத்தா மிச்சம் 25 வோல்ட்டும் அந்த டிரான்சிஸ்டர் தலையிலதான், 75 வாட், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். 2என்3055க்கு 115 வாட்னு போட்டிருப்பான், அது கேஸ் 25 டிகிரில இருந்தாத்தான், நம்ம ஊர்ல ரூமே 33ல கெடக்கு.

இதுல உங்க 250 வேற. 24ங்கிறது அப்ப 26 ஆயிரும், பீக் 37 கிட்ட, லோடு இல்லாம சும்மா நிக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடும், 40ஐத் தொட்டாலும் ஆச்சரியமில்ல. எல்எம்317ல இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் வித்தியாசம் 40 வோல்ட்தான் லிமிட், அவுட்புட் ஷார்ட் ஆன அன்னைக்கு முழுசும் அது மேலதான் விழும். 0 வோல்ட்டும் வராது, 1.25ல நின்னுரும். 317க்கு முதுகுத் தகடு அவுட்புட், 337க்கு அது இன்புட், நடுவுல கரண்ட் கடத்தாத மைக்காத் தாள் இல்லாம ரெண்டையும் ஒரே ஹீட்சிங்க்ல முறுக்கிராதீங்க.

நான் வச்சிருக்கது ரெண்டு தனி சப்ளை. ஒண்ணு சின்னது, பிளஸ் மைனஸ் 15, வெறும் 317-337தான், பாஸ் டிரான்சிஸ்டர் கிடையாது. புது போர்டை முதல்ல அதுல போட்டு அவுட்புட்ல டிசி ஆஃப்செட் (பாட்டு இல்லாதப்பவும் நிக்கிற டிசி வோல்டேஜ்) மட்டும் பாப்பேன், சில பத்து மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா சரி, வோல்ட் கணக்குல வந்தா ஸ்பீக்கர் பக்கமே போகாண்டாம். இன்னொண்ணு நீங்க வச்சிருக்க மாதிரி டிரான்ஸ்பார்மர், 35 ஆம்ப் பிரிட்ஜ், பக்கத்துக்கு 10000 மைக்ரோ 63 வோல்ட் கெபாசிட்டர், அம்புட்டுதான், ரெகுலேட்டரே இல்ல. முடிஞ்ச ஆம்ப்ளிஃபயர் கடைசில இந்த மாதிரி சப்ளைலதான ஓடப்போகுது, அதுலயே டெஸ்ட் பண்ணாத்தான் ஹம்முனு இரைச்சல் இருக்கா, சத்தம் கூட்டினா சப்ளை எவ்வளவு இறங்குதுன்னு நெசமாத் தெரியும்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், 3886 போர்டு 15 வோல்ட்ல சத்தமே போடலன்னா ஐசி போச்சுன்னு தூக்கி எறிஞ்சிராதீங்க. 8ஆம் கால்ல இருந்து அரை மில்லிஆம்பாவது வெளிய போனாத்தான் மியூட் விலகிப் பாடும், 35 வோல்ட்டுக்குன்னு அதுல 47கே ரெசிஸ்டர் போட்டிருந்தா 15ல கால் மில்லிஆம்ப்தான் போகும், ஐசி வாயை மூடிட்டு இருக்கும். 22கே மாத்திப் பாருங்க.

செங்கோட்டை:
அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனா அந்தப் பெரிய சப்ளைய சீரிஸ் பல்பு இல்லாம போர்டுல குடுத்திராதீங்க. டிரான்ஸ்பார்மரோட பிரைமரில, அதான் லைன் கரண்ட் உள்ள வர்ற பக்கம், சீரிஸ்ல 100 வாட் குண்டு பல்பு ஒண்ணு, அதுக்குக் குறுக்க ஒரு சுவிட்சு. ஆன் பண்ணதும் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிற நேரம் பளிச்சுன்னு எரியும், அப்புறம் மங்கி வெறும் கம்பி மட்டும் லேசா செவந்து நிக்கும், அப்படி நின்னா போர்டு நல்லாருக்கு. மங்காம முழுசா எரிஞ்சா எங்கயோ ஷார்ட், பல்பு இருக்கதால பிரைமரில அரை ஆம்ப் கூட போகாது, அதனால ட்ராக்கு எரியாம தப்பிச்சிரும். சரின்னு தெரிஞ்சப்புறம் சுவிட்சைப் போட்டு பல்பை ஒதுக்கிருங்க, ஏன்னா பல்போட பவர் டெஸ்ட் பண்ணா சப்ளை படுத்துரும், ஆம்ப்ளிஃபயர் மேல தப்புன்னு நெனச்சுருவீங்க. எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. குண்டு பல்பு கடையில கிடைக்கலன்னா கோழிப்பண்ணைக்கு சாமான் விக்கிற கடையில கேளுங்க, குஞ்சுக்கு சூடு காட்ட இன்னும் விக்காங்க.

கெபாசிட்டருக்குக் குறுக்க 1கே 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணொண்ணு. அது இருந்தா ஆஃப் பண்ணி அரை நிமிஷத்துல 2 வோல்ட்டுக்குக் கீழ வந்துரும், இல்லன்னா நாளைக்குக் காலைல கூட பொறி பறக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க, 2என்3055 லிஸ்ட்ல இருந்து அடிச்சுட்டேன். பக்கத்துல ஒருத்தரு ரெண்டு 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ரெடிமேட் ஸ்விட்சிங் சப்ளை) வாங்கி சீரிஸ்ல போட்டா வேலை முடிஞ்சுதுங்கறாரு, அது ஆகுமுங்களா? அப்பறம் ஸ்பீக்கருக்குப் பதிலா லோடு என்ன வெக்கோணும்?

மார்த்தாண்டம் ரேடியோ:
ஆகும், ஆனா அவுட்புட் மைனஸுக்கும் எர்த்துக்கும் கன்டினியூட்டி இருக்கான்னு முதல்ல மீட்டர் வச்சுப் பாருங்க. ரெண்டுலயும் இருந்தா சீரிஸ்ல போட்ட உடனே ஒண்ணு ஷார்ட். இன்னொரு தொல்லை, பாட்டுல பாஸ் அடிக்கும்போது பீக் கரண்ட் தாண்டிச்சுன்னா ஓவர்லோடுன்னு கட் ஆகி கட் ஆகி வரும். டிபிஏ3116 மாதிரி ஒத்த சப்ளை கிளாஸ் டி போர்டுக்குன்னா ஒரே ஒரு 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் போதும், அதுக்கு டிரான்ஸ்பார்மரே வேண்டாம்.

லோடுக்கு 68 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் எட்டு வாங்கி பேரலல்ல போடுங்க, எட்டரை ஓம், 80 வாட் தாங்கும். உங்க சப்ளைல 8 ஓமுக்கு 50 வாட் சுமார்தான் வரும், அதனால தாராளம். நல்லா கொதிக்கும், மர டேபிள் மேல வைக்காண்டாம், ஒரு ஓட்டுத்துண்டு மேல வச்சு பக்கத்துல ஃபேன் ஓட விடுங்க. பிரைமரிக்கு 2 ஆம்ப் ஸ்லோ ப்ளோ ஃபியூஸும் அதே லிஸ்ட்ல எழுதிக்கிடுங்க.