பயோமெட்ரிக்கில் ரேகை விழவில்லை, அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சின்னப்பாலம் தாஸ்:
வணக்கம். விசாவுக்கு பயோமெட்ரிக் கொடுக்கச் சென்னை போயிருந்தோம். ரேகை விழவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள், திரையில் சிவப்பாகவே காட்டியது. கடைசியில் "கையைச் சரி பண்ணிட்டு வேற தேதி போட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டிக்கெட் வேறு போட்டாயிற்று. என்ன தடவினால் விழும்? ரிஜெக்ட் ஆகிவிடுமா? சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கீழக்கரைக் காக்கா:
எந்த நாடு தம்பி? சவூதியா, குவைத்தா, துபாயா? வேலை விசாவா, விசிட்டா? வயசு என்ன? பத்து விரலும் விழவில்லையா, சில விரல் மட்டுமா? எதுவும் சொல்லாமல் என்ன தடவுவது என்று கேட்டால் எப்படி.

தொண்டி மச்சான்:
இது ரேகைப் பிரச்சினையே இல்லை. ஆள் ஏற்கெனவே வளைகுடாவில் இருந்து பிங்கர் அடித்து, அதாவது ரேகை எடுத்துத் தடை போட்டு, அனுப்பப்பட்டவராக இருக்கும். பழைய கேஸ் நிற்கிறது, அதனால்தான் சிவப்பு. எங்கள் ஊரில் ஒருவருக்கு இதேதான் நடந்தது.

கீழக்கரைக் காக்கா:
மச்சான், விசா மையத்து மிஷின் பழைய கேஸ் எல்லாம் பார்க்காது. படம் தெளிவாக விழுந்ததா இல்லையா என்று மட்டும்தான் அது பார்க்கும். யாருடைய ரேகை என்று ஒப்பிடுவது பிற்பாடு, அந்தந்த நாட்டுக்காரர்கள் செய்வது. நீங்கள் சொல்கிற ஆளைப் பிடிக்கிற வேலை ஏர்போர்ட்டில் நடக்கும். எமிரேட்ஸில் 2001-லேயே கருவிழி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் பெயரை மாற்றிப் புது பாஸ்போர்ட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள், அதற்காகத்தான்.

உச்சிப்புளி அக்கா:
கையில் மருதாணி இருந்ததா? கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே போனால் சில மிஷின் எடுக்காது.

ஆதார் மையத்துக்காரன்:
முதலில் ஆதாரில் ரேகையை அப்டேட் செய்யுங்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய ரேகை இருந்தால் எல்லா இடத்திலும் சிக்கல்தான். ரேஷன் கடையில் விழுகிறதா என்று பார்த்தீர்களா?

பழைய பயணி:
ஆதாரில் இருக்கிற ரேகை எந்த வெளிநாட்டுத் தூதரகத்துக்கும் போவதில்லை. இரண்டும் தனித்தனி. இதைப் பலமுறை எழுதியாயிற்று, தேடல் பெட்டி என்று மேலே ஒன்று இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. கேள்வி கேட்டவருக்கு: மருந்து ஏதாவது எடுக்கிறாரா? புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேபசிட்டபின் மாத்திரையில் உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகையே போய்விடும். சிங்கப்பூர்க்காரர் ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் இதற்காக மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள், 2009-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி. பிறவியிலேயே ரேகை இல்லாத குடும்பங்களும் உண்டு. அதற்கு மருத்துவர்கள் வைத்த செல்லப் பெயரே "குடியேற்றத் தாமத நோய்". முழு விவரம் இல்லாமல் இதற்கு மேல் பேசுவது வீண்.

சின்னப்பாலம் தாஸ்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். எனக்கு இல்லை, அம்மாவுக்கு. நாடு ஜெர்மனி. அக்கா அங்கே நர்ஸ், பிரசவத்துக்கு அம்மா போக வேண்டும். வயது 58. பிரஷர் மாத்திரை மட்டும்தான். மருதாணி இல்லை. வெளிநாடு போனதே இல்லை. ரேஷன் கடையிலும் பாதி நாள் ரேகை விழாது, நான்தான் போய் வைப்பேன். அம்மா கடலில் பாசி எடுக்கப் போவார்.

உச்சிப்புளி அக்கா:
இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டாமா தம்பி! என் சின்னம்மாவும் பாசிக்குப் போனவர்தான். இங்கே மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி மணலில் முளைப்பதில்லை, கடலடியில் இருக்கிற பார் கல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கும். மூச்சை அடக்கி முங்கி, கல்லோடு சேர்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும். விரலுக்கு விரல் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள், அப்படியும் கல் அறுக்கும். கரைக்கு வந்து துணியை அவிழ்த்தால் விரல் நுனி வெளுத்து, ஊறி, வழுவழுவென்று இருக்கும். அந்தக் கையை மிஷினில் வைத்தால் என்ன விழும்?

ஆதார் மையத்துக்காரன்:
பாசி எடுப்பவர் என்றால் விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் மையத்துக்கு மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து வருகிற பெண்களுக்கு இதே கதைதான். வலை இழுப்பவர்களுக்கும், உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கும் உண்டு. கண்ணாடி மேல் விரல் வைக்கும் மிஷினில், ரேகையின் மேடு கண்ணாடியை ஒட்டினால்தான் கோடு தெரியும். தோல் காய்ந்திருந்தால் அங்கங்கே ஒட்டாமல் கோடு துண்டு துண்டாக விழும், மை வற்றிய ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. ஈரம் அதிகமானாலும் ஆகாது, பள்ளம் நிரம்பிக் கறுப்புத் திட்டாக வரும். வயதானவர்களுக்கு மேடே தட்டையாகியிருக்கும், அதோடு விழவில்லையே என்று இன்னும் அழுத்துவார்கள். அழுத்தினால் இருக்கிற கோடும் நசுங்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், மேல்தோல் தேய்ந்து போன ரேகை திரும்பி வரும். உள்தோலில் ஆழமான வெட்டு இல்லை என்றால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுத் தோலோடு அதே ரேகை மேலே வந்துவிடும். அதனால் அம்மாவைக் கொஞ்ச நாள் கடலில் இறங்க விடாதீர்கள். சோப்புத்தூள், சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ப்பதும் வேண்டாம். ராத்திரி வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிப் படுக்கட்டும். போகிற அன்று காலையில் மட்டும் எண்ணெய் கூடாது, கண்ணாடியில் படலம் ஒட்டும். வரிசையில் நிற்கும்போது ஈரத் துணியால் துடைத்து, கையைச் சூடு பறக்கத் தேய்த்து, விரலை நெற்றியில் ஒருமுறை ஒற்றிவிட்டு மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். நெற்றியில் இருக்கிற எண்ணெய்ப் பசை அளவாக இருக்கும். நாங்கள் தினமும் செய்கிற வேலை இது.

ஆதார் அப்டேட்டும் செய்துவிடுங்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன். ரேஷனுக்காவது உதவும்.

தொண்டி மச்சான்:
எலுமிச்சம்பழம் தேய்த்தால் பளிச்சென்று விழும்.

ஆதார் மையத்துக்காரன்:
தயவுசெய்து வேண்டாம். அறுபட்ட கையில் எலுமிச்சை தேய்த்தால் எரிச்சல்தான் மிச்சம், தோல் இன்னும் காயும்.

பழைய பயணி:
நாடு ஜெர்மனி என்று இப்போதாவது தெரிந்ததே. ஜெர்மனியும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவான ஷெங்கன் விசாவின் விதித்தொகுப்பு, 810/2009, பிரிவு 13-ஐப் படியுங்கள். பத்து விரல் எடுக்க வேண்டும் என்பது பொது விதி. பத்தும் முடியாதவரிடம் எத்தனை முடியுமோ அத்தனை எடுக்க வேண்டும். உடலளவில் எடுக்கவே இயலாதவருக்கு விலக்கு. இயலாமை தற்காலிகம் என்றால் அடுத்த விண்ணப்பத்தில் எடுப்பார்கள், ஏன் முடியவில்லை என்று தூதரகம் விளக்கம் கேட்கலாம். 12 வயதுக்குக் கீழ் ரேகையே கிடையாது. ஆக, பத்து விரலும் பச்சை காட்டினால்தான் விண்ணப்பம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். மேலாளரைக் கேளுங்கள், விழுந்த விரல்களை ஏற்றிவிட்டு மீதிக்குக் காரணக் குறிப்பு போடச் சொல்லுங்கள். ஒருமுறை ஏற்றிய ரேகையை 59 மாதம் வரை திரும்பப் பயன்படுத்துவார்கள், அதனால் ஏறுகிறவை நன்றாக ஏறுவது நல்லது.

உச்சிப்புளி அக்கா:
கூடவே தோல் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. இன்ன வேலை செய்பவர், தொழிலால் ரேகை தேய்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அது இல்லாமலும் நடக்கலாம், ஆனால் காகிதம் கையில் இருந்தால் அம்மாவுக்கே ஒரு தெம்பு.

சின்னப்பாலம் தாஸ்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. இன்னொன்று. மண்டபத்தில் ஒருவர், பணம் கொடுத்தால் ரேகை விழ வைக்கிறேன், வேறு கை வைத்தும் முடிக்கலாம் என்கிறார். அக்காவுக்கு நாள் நெருங்குகிறது, என்ன செய்ய என்று தெரியவில்லை.

கீழக்கரைக் காக்கா:
அந்தப் பக்கமே போகாதீர்கள். வேறு ஆள் கையை வைத்து விசா வாங்கினாலும் பிராங்பர்ட்டில் இறங்கியதும் அம்மா கையைத்தான் வைக்கச் சொல்வார்கள். விசாவோடு பதிந்த ரேகை அங்கே திரையில் இருக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் மொழி தெரியாத ஊரில் அம்மா தனியாக நிற்பார். பிரசவம் பார்க்கப் போனவர் மோசடிக் கேஸில் மாட்ட வேண்டுமா?

பழைய பயணி:
2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவு வெளியேற்றப் பதிவு முறை என்று புதிதாக வந்திருக்கிறது. விசாவோடு போகிறவருக்கு எல்லையில் முகத்தைப் படம் எடுத்து அதில் சேர்ப்பார்கள். ரேகை விசாக் கோப்பிலேயே இருக்கும். காக்கா சொன்னது சரி.

தொண்டி மச்சான்:
எல்லாம் சரி, மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மாவைப் பத்து விரலும் வை என்பது என்ன நியாயம்? நம் ஆட்கள் குற்றவாளிகளா? கச்சத்தீவுக்கு எந்த ரேகை வைத்துப் போனோம்? 1974 ஒப்பந்தத்தில் 5-வது பிரிவிலேயே இருக்கிறது, மீனவருக்கும் யாத்ரீகருக்கும் பயண ஆவணமும் வேண்டாம், விசாவும் வேண்டாம் என்று.

கீழக்கரைக் காக்கா:
கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரம் வேர்க்கோடு தேவாலயத்தில் பெயர் கொடுத்து, அட்டை நகல் கொடுத்துத்தானே படகு ஏறுகிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கும் 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பயோமெட்ரிக் அடையாள அட்டை வந்துவிட்டது. அப்புறம் கடலுக்குப் போக அனுமதி டோக்கன். இதெல்லாம் பாதுகாப்புக்குத்தானே.

தொண்டி மச்சான்:
அட்டை இருந்தால் இலங்கை நேவி பிடிக்காமல் விடுகிறானா? எல்லைக்கோடு தண்ணீரில் இருக்கிறது. யார் என்று அட்டை சொல்லும், எங்கே நின்றான் என்று சொல்லுமா?

தேவிபட்டினம் ஆசிரியர்:
மச்சான் கேட்கிற கேள்வி நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. 1906-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லாரும் ரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்ட வரைவு வந்தபோது, அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடி மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். 1908 ஜனவரியில் சமரசம் ஆகி, தானே முன்வந்து பதியலாம் என்று காந்தி பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்துக்குப் புறப்பட்டார். வழியில் சமரசத்தை எதிர்த்த மீர் ஆலம் என்ற பட்டாணியர் அடித்து வீழ்த்தினார், கூடப் போன போராட்டத் தோழர் தம்பி நாயுடுவுக்கும் அடி. அரசு சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அந்த ஆகஸ்டிலேயே சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள்.

பழைய பயணி:
ஆசிரியரே, அது குடியிருப்பவர்களைப் பதிவு செய்த சட்டம், இது விசா. ஒன்றைப் போட்டு ஒன்றைக் குழப்ப வேண்டாம். மச்சானுக்கு: 1974-ஐ மட்டும் படித்துவிட்டு நிறுத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. 1976 மார்ச் 23 கடிதப் பரிமாற்றத்தையும் படியுங்கள். இரு நாட்டு மீனவரும் அடுத்தவர் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது.

தேவிபட்டினம் ஆசிரியர்:
டிரான்ஸ்வால் சட்டத்தில் பதிவுச் சான்றிதழ் காட்டாதவரை எல்லை கடத்தினார்கள். அதைக் குடியேற்றக் கட்டுப்பாடு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

உச்சிப்புளி அக்கா:
அந்தப் பிள்ளை அம்மா கைக்கு வழி கேட்டு வந்தது. நீங்கள் ஜோகன்னஸ்பர்க் வரை போய்விட்டீர்கள். தம்பி, அடுத்த தேதி கிடைத்ததா?

ஆதார் மையத்துக்காரன்:
போகிறபோது அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: ஒரு கை நாலு விரல், அடுத்த கை நாலு, கட்டைவிரல் இரண்டும் என்று தனித்தனியாக வைக்கச் சொல்வார்கள். என்ன நடக்கும் என்று தெரிந்தால் பதற மாட்டார். பதறினால் கை வியர்க்கும், நடுங்கும், மறுபடி சிவப்புதான்.

சின்னப்பாலம் தாஸ்:
போய் வந்தோம். கட்டைவிரல் இரண்டும், வலது கையில் மூன்றும் விழுந்தன. இடது கை சரியாக வரவில்லை. கவுண்டரில் இருந்தவர் மறுபடி தேதி போடச் சொன்னார், மேலாளரைக் கேட்டோம். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதி ஏற்றுக்கொண்டார். பாஸ்போர்ட் வாங்கி வைத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. எல்லாருக்கும் நன்றி.

ஏர்வாடி நிசார்:
ப்ரோ, வாஸ்லினா, நெற்றியில் ஒற்றினதா, எது வேலை செய்தது? என் மாமாவுக்கும் இதே பிரச்சினை, அவர் கட்டட வேலை.

தொண்டி மச்சான்:
நல்லபடியாகப் போய் வரட்டும் தம்பி. பழைய பயணி அவர்களே, 1976 கடிதத்தைப் படித்துவிட்டேன். 5-வது பிரிவை ரத்து செய்ததாக அதில் எந்த வரியில் இருக்கிறது, எடுத்துப் போடுங்கள் பார்ப்போம்.